கடைசிக் கதிர்க்கொத்தில் பதுங்கும் முயல்: ஓர் அறுவடை நம்பிக்கை ஸ்கிரீன் அச்சாகும் விதம்

அரிவாள் கொண்டு அறுத்த காலத்தில், அறுப்பு ஏற ஏற நிற்கும் பயிரின் பரப்பு சுருங்கிக்கொண்டே வரும். வயலுக்குள் இருந்த உயிர்கள் மிச்சப் பயிருக்குள் ஒதுங்கும். எலி வளைக்குள் போய்விடும், பறவை பறந்துவிடும். ஐரோப்பியப் பழுப்பு முயலுக்கு இரண்டு வழியும் இல்லை. அது வளை தோண்டுவதில்லை. தரையில் உடம்பு படியும் அளவுக்குச் சிறு பள்ளம் பறித்துப் படுக்கும். அதுதான் அதன் வீடு. ஆபத்து நெருங்கினால் காதுகளை முதுகோடு ஒட்டி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். காலடி மேலே படப்போகும் நேரத்தில்தான் பாயும். அந்தப் பாய்ச்சலின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை போகும். ஆகவே கடைசிக் கொத்தை அறுக்கக் குனிந்தவர் முன்னால் முயல் துள்ளிக் கிளம்பியது கட்டுக்கதை அல்ல. அறுப்பாட்கள் கண்ணால் கண்டது. கடைசிக் கொத்தே முயல் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு வளர்ந்தது.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள காலோவே பகுதியில் கடைசி அறுப்புக்கே 'முயலை அறுத்தல்' என்றுதான் பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவான செய்முறை இது: வயல் முழுக்க அறுத்து முடித்தபின் ஒரு கைப்பிடிப் பயிரை மட்டும் நிற்க விடுவார்கள். அதை மூன்றாகப் பிரித்து, வேரோடு நிற்கும்போதே சடை பின்னி, உச்சியில் கதிர்களைச் சேர்த்து முடிச்சிடுவார்கள். பிறகு அறுப்பாட்கள் சில கஜம் தள்ளி நின்று, முறை வைத்து, ஒவ்வொருவராக அரிவாளை வீசுவார்கள். முடிச்சுக்குக் கீழே வெட்டுப்பட வேண்டும். விழுந்த 'முயலை' வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களைக் கதவின் உட்பக்கம், நிலைக்கு மேலே வைப்பார்கள். சில வீடுகளில் அடுத்த அறுவடை வரை அது அங்கேயே இருக்கும். மினிகாஃப் என்ற ஊர்ப் பகுதியில், முயல் அறுபட்டவுடன் மணமாகாதவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். முதலில் போய்ச் சேர்பவருக்குத்தான் முதலில் கல்யாணம். ஜெர்மனியின் சில பகுதிகளிலும் கடைசிக் கட்டுக்கு முயல் என்ற பெயர் இருந்தது.

இந்த வழக்கத்தைப் படமாக்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே முயல் பயிருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. பயிரேதான் முயல். முழு நிலவின் கீழே துள்ளும் முயல், ஓரத்தில் அலங்காரமாக நாலு கோதுமைக் கதிர் என்று வரும் அச்சுப் படங்கள் ஏராளம். அழகாக இருக்கலாம், ஆனால் இந்த நம்பிக்கையின் உயிர்நாடி அவற்றில் இல்லை. ஒரே உருவத்தைப் பார்க்கும்போது ஒரு கணம் கதிர்க்கொத்தும் மறுகணம் முயலும் தெரிய வேண்டும். ஒளி ஊடுருவும் மையை ஒன்றின் மேல் ஒன்றாக இழுக்கும் ஸ்கிரீன் அச்சு அதற்கென்றே அமைந்த கலை.

வரையத் தொடங்கும் முன்

தமிழில் முயல் என்று ஒரே சொல்லால் சொல்வதை ஆங்கிலம் 'ஹேர்', 'ராபிட்' என்று இரண்டாகப் பிரிக்கிறது. அறுவடைக் கதையில் வருவது ஹேர். கூட்டமாக வளையில் வாழும் ராபிட்டை வரைந்துவிட்டால் கதையே பொருந்தாது, ஏனென்றால் ராபிட் கடைசிக் கொத்துக்குக் காத்திருக்காமல் வளைக்குள் புகுந்துவிடும். ஹேரின் காது தலையைவிட நீளம், நுனி கறுப்பு. பின்னங்கால்கள் மிக நீளமாக இருப்பதால் நிற்கும்போது இடுப்பு தோளைவிட உயர்ந்திருக்கும். கண் தலையின் பக்கவாட்டில், அம்பர் நிறத்தில். வாலின் மேற்புறம் கறுப்பு, அடிப்புறம் வெள்ளை. உருண்டைக் கன்னமும் குட்டைக் காதும் வந்தால் அது வேறு விலங்கு.

இன்னொரு தடுமாற்றம் 'கார்ன்' என்ற சொல்லில். பிரிட்டனின் அறுவடைப் பேச்சில் கார்ன் என்பது மக்காச்சோளம் அல்ல. அந்தப் பகுதியின் முதன்மைத் தானியம் எதுவோ அது. இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். வைக்கோலில் பின்னும் அறுவடைப் பொம்மையான 'கார்ன் டாலி'யை மக்காச்சோளப் பொம்மை என்று எழுதுவதும் வரைவதும் அடிக்கடி நேரும் பிழை. காலோவே முயலை வரைவதென்றால் ஓட்ஸ் வரையலாம்: கதிர் இறுகி நிற்காது, மணிகள் தனித்தனிக் காம்பில் தொங்கும். பார்லிக்கு நீண்ட மீசை. கோதுமை இறுக்கமான கதிர். மீசை உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. உயரமும் முக்கியம். இன்றைய குட்டை ரகக் கோதுமை இடுப்பளவுகூட வராது. பழைய ரகங்கள் மார்பளவு வளர்ந்தன. முயல் மறைந்தது அந்த உயரத்தில்தான். பின்னுவதற்கும் மேல்கணுவிலிருந்து கதிர் வரை நீண்ட, உள்ளீடற்ற தாள் வேண்டும். இன்றும் பொம்மை பின்னுபவர்கள் மாரிஸ் விட்ஜன் போன்ற நெட்டை ரகத்தைத் தேடி வாங்குவதற்குக் காரணம் அதுதான்.

ஆங்கிலத்தில் கதிருக்கும் காதுக்கும் 'இயர்' என்று ஒரே ஒலி. சொல் பிறந்த வேர் வேறு. ஆனாலும் உச்சியில் முடிச்சிட்ட கதிர்களையே முயல் காதாக வரைய இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அடுக்குகளைப் பிரித்தல்

ஸ்கிரீன் அச்சின் அடிப்படை எளிது. இறுக இழுத்துக் கட்டிய வலையில் படம் வர வேண்டிய இடத்தைத் திறந்தும் மற்ற இடத்தை அடைத்தும் வைக்கிறோம். ஸ்க்வீஜி எனப்படும் கருவியின் ரப்பர் விளிம்பால் மையை இழுத்தால் திறந்த இடம் வழியாகக் காகிதத்தில் இறங்குகிறது. பட்டுத் துணியில் இந்த முறைக்கு மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்றார். இன்று பட்டின் இடத்தில் பாலியஸ்டர். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும் என்பதால், வரைவதற்கு முன்பே படத்தை நிற அடுக்குகளாகப் பிரித்து யோசிக்க வேண்டும்.

40 × 50 செ.மீ. காகிதத்தில் 30 × 40 செ.மீ. படம், ஐந்து ஸ்கிரீன், ஐம்பது பிரதி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்கிரீன் அந்தி வானம். நிலவு அச்சிடாத வெறும் காகிதம். வெள்ளை மையால் நிலவை மேலே அச்சிடுவதைவிடக் காகிதத்தின் வெண்மையை விட்டுவைப்பது எப்போதும் ஒளியோடு இருக்கும். இரண்டாவது, மஞ்சள் காவியில் தாளடி நிலம். மூன்றாவது, சற்றுப் பழுப்பேறிய நிறத்தில் கடைசிக் கொத்தின் தாள்களும் கதிர்களும், மூன்று புரிச் சடையும். நான்காவதில்தான் முயல் வருகிறது, ஆனால் கோடு இல்லாமல்: பதுங்கிய முயலின் தட்டையான வடிவம் மட்டும், மெல்லிய ஊடுருவும் பழுப்பில், தாள்களின் மேலேயே விழுகிறது. தாள் இருக்கும் இடம் கருமையாகும், இடைவெளி இலேசாகச் சாயும். ஐந்தாவது, கருநீலம்: கண், மீசை, காது நுனி, முடிச்சின் நிழல், அரிவாள் விளிம்பு. படத்தில் மிகக் குறைந்த இடம் பிடிப்பது இந்த ஐந்தாவதுதான். அதை அடக்கி வைக்க வேண்டும். முயலைச் சுற்றிக் கருங்கோடு போட்டால் அது தாளுக்கு மேல் ஒட்டிய ஸ்டிக்கராகிவிடும், பதுங்கல் போய்விடும்.

நான்காவது அடுக்கின் மைக் கலவைதான் முழுப் படத்தையும் தீர்மானிக்கும். ஒரு பங்கு நிற மைக்கு நான்கு பங்கு ட்ரான்ஸ்பரன்ட் பேஸ் (மையை ஊடுருவச் செய்யும் நிறமற்ற கலப்பு) என்று தொடங்கலாம். ஆனால் கண் மதிப்பை நம்பக்கூடாது. மூன்றாம் அடுக்கு காய்ந்த வீண் காகிதங்களில் 1:2, 1:4, 1:8 என்று மூன்று கலவையையும் இழுத்து, காய்ந்த பிறகு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். முதலில் கொத்து தெரிந்து, சற்றுப் பொறுத்து முயல் தெரிந்தால் அதுவே சரியான கலவை. ஈரத்தில் பார்த்து முடிவு செய்வது தவறு. பேஸ் ஈரமாக இருக்கும்போது பால் போல வெளிறியும், காய்ந்தால் தெளிந்து கருத்தும் தெரியும்.

அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறவேண்டும். விளிம்போடு விளிம்பு வைத்தால் காகிதம் இம்மியளவு நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும். நிலவுக்கு மட்டும் இதில் விலக்கு: அதன் விளிம்பு முதல் ஸ்கிரீனில் மட்டுமே இருக்கட்டும்.

ஃபிலிம், எமல்ஷன், வெளிச்சம்

ஒவ்வொரு அடுக்கையும் ஒளி புகும் வரைபட ஃபிலிமில் கறுப்பில் வரைய வேண்டும். நிறம் எதுவாக இருந்தாலும் ஃபிலிமில் கறுப்புதான், அதுவும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளி ஒளி கசியாத கறுப்பு. முயலின் மயிருக்குச் சொரசொரப்பான ஃபிலிம் நல்லது. மெழுகுக் கரிக்கோலோ, மை வடித்த காய்ந்த தூரிகையோ அதன் மேல் ஓடும்போது பரல் பரலாகப் படியும். அந்தப் பரல் அப்படியே ஸ்கிரீனுக்கு வரும். மயிரை ஒவ்வொன்றாக வரையத் தேவையில்லை. தோளில் பின்னோக்கி, விலாவில் கீழ்நோக்கி, தொடையில் வளைந்து என்று மயிர் படியும் திசையில் தூரிகையை இழுத்தால் போதும். மரச்செதுக்கிலும் லினோவிலும் படம் இடவலம் மாறும்; இங்கே மாறாது. வரைந்த பக்கம் வலையின் அச்சுப் பக்கத்தோடு ஒட்டியிருந்தால் வரைந்தது போலவே அச்சாகும்.

வலையைச் செ.மீ.க்கு எத்தனை இழை என்ற எண்ணால் சொல்வார்கள். காகிதத்தில் தண்ணீர் மைக்கு 77 அல்லது 90 இழை பொதுவாகப் பொருந்தும். முயலின் கண்ணும் மீசையும் உள்ள கடைசி ஸ்கிரீனுக்கு 120. எண் கூடக் கூட மைப்படலம் மெல்லியதாகும், கோடு கூர்மையாகும், ஆனால் மை வலையிலேயே காயும் அபாயமும் கூடும். 90 இழையில் 0.3 மி.மீ.க்குக் குறைந்த கோடு வைக்காமல் இருப்பது நல்லது. பொன் மை வேண்டுமென்றால் கணக்கு தலைகீழ்: அதிலுள்ள உலோகத் துகள் நுண்வலையில் அடைபடும், 43 முதல் 55 இழைக்கு இறங்க வேண்டும், கோட்டின் கூர்மையை இழக்க வேண்டும். விளைந்த பயிருக்குப் பொன் மை பலருடைய முதல் ஆசை. வெளிச்சம் படும் கோணத்தில் மட்டுமே அது மின்னும். மற்ற கோணங்களில் சாம்பலாகத் தெரியும். காவி மஞ்சளின் மேல் ஊடுருவும் பழுப்பு விழுந்து வரும் வெம்மை அதைவிட உண்மையாக இருக்கும்.

ஃபிலிமில் வரைந்தது வலைக்கு ஏறுவது எமல்ஷனால்: வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகி வலையை அடைக்கும், கறுப்பு மறைத்த இடத்தில் கழுவினால் கரைந்து திறக்கும் பூச்சு அது. அதைப் பூசும் முன் வலையை எண்ணெய்ப்பசை நீக்கும் திரவத்தால் கழுவிக் காயவைக்க வேண்டும். விரல் பட்ட தடம் இருந்தாலே அந்த இடத்தில் பின்னால் ஊசித்துளை விழும். மஞ்சள் விளக்கின் கீழ், பூசும் தொட்டியால் அச்சுப் பக்கம் ஒரு பூச்சு, ஸ்க்வீஜி பக்கம் ஒரு பூச்சு. பிறகு அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கை வசத்தில், 35 முதல் 40 டிகிரியைத் தாண்டாத சூட்டில், இருட்டில் காயவைப்பது. தொட்டால் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அரைகுறையாகக் காய்ந்த எமல்ஷன் எவ்வளவு நேரம் வெளிச்சம் பட்டாலும் முழுதாக இறுகாது. கழுவும்போது படலமாக உரிந்து வருவதற்கு முதல் காரணம் விளக்கு அல்ல, இந்த ஈரம்.

வெளிச்ச நேரத்தைச் சொல்லித் தர முடியாது. விளக்கு, தூரம், எமல்ஷன், வலை நான்கும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சோதனைப் பட்டைதான் வழி. ஒரே ஃபிலிமின் மேல் கறுப்பு அட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஐந்து படிகளாக வெளிச்சம் காட்டி, கழுவிப் பார்க்க வேண்டும். குறைவாகப் பட்ட படியில் ஸ்க்வீஜி பக்கம் வழுவழுவென்று கரையும். அச்சின் நடுவே எமல்ஷன் விட்டுப்போகும். அதிகம் பட்ட படியில் மீசைக் கோடுகள் அடைந்து திறக்காது. இரண்டுக்கும் நடுவே, மிக மெல்லிய கோடு திறந்தும் மேற்பரப்பு உறுதியாகவும் இருக்கும் படி ஒன்றிருக்கும். வெள்ளை வலை ஒளியைப் பக்கவாட்டில் சிதறடித்துக் கோட்டின் விளிம்பை அரிக்கும். மஞ்சள் சாயமிட்ட வலையில் அந்தச் சிதறல் குறைவு, ஆனால் நேரம் கூடுதலாகத் தேவை. மீசைக்கு மஞ்சள் வலை வாங்கியே ஆக வேண்டும் என்பது எங்கள் துணிபு.

காகிதமும் பொருத்தமும்

பருத்திக் கூழில் செய்த 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ச.மீ.க்கு இத்தனை கிராம்) காகிதம் வேண்டும். வானம் முழுவதையும் தண்ணீர் மை நனைக்கும்போது மெல்லிய காகிதம் அலையாக நெளியும். நெளிந்த தாள் இரண்டாம் நிறத்தில் எங்கும் பொருந்தாது. காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், அதிலும் இழையோட்டத்துக்குக் குறுக்கே அதிகமாக. எனவே அச்சிடும் அறையிலேயே ஒரு நாளாவது பிரித்து வைத்து, அத்தனை தாளிலும் இழையோட்டம் ஒரே திசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சு பஞ்சான ஓரம் அழகுதான், ஆனால் அந்த ஓரத்தை வைத்து ஒரு நாளும் பொருத்த முடியாது. நேராக வெட்டிய இரண்டு ஓரங்கள் தேவை; பஞ்சு ஓரம் வேண்டுமென்றால் மற்ற இரண்டு பக்கங்களில் இருக்கட்டும்.

பொருத்துவதற்கு மூன்று தடுப்பு போதும்: நீள ஓரத்தில் இரண்டு, குட்டை ஓரத்தில் ஒன்று. காகிதத்தின் கனத்துக்கு ஏறக்குறைய சமமான அட்டைத் துண்டை மேசையில் ஒட்டினால் ஆகும். ஐந்து நிறத்துக்கும் அதே மூலை, அதே ஓரம். மேசையில் தாளைச் சுற்றித் திருப்பினால் வெட்டில் உள்ள சிறு கோணலெல்லாம் படத்தில் வந்து நிற்கும். இரண்டாம் நிறத்திலிருந்து, ஓரத்தில் ஒட்டிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் முதலில் அச்சிட்டு, அதன் கீழே உண்மைத் தாளை நகர்த்திப் பொருத்தி, பிறகு தடுப்புகளை ஒட்டுவது நிச்சயமான முறை.

ஐம்பது நல்ல பிரதிக்கு அறுபது தாளிலாவது தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றிரண்டு போகும். போனது ஐந்தாம் நிறத்தில் தெரியவந்தால் திரும்பிப் போக வழியில்லை. மைக்கும் இதே முன்யோசனை. படம் முழுவதும் ஒரே நிறமாகப் பரவினால் ஒரு அச்சின் பரப்பு 0.12 ச.மீ.; 77 இழை வலையில் ச.மீ.க்கு சுமார் 25 மி.லி. மை இறங்குகிறது என்று கொண்டால் ஒரு தாளுக்கு 3 மி.லி., அறுபதுக்கு 180. ஸ்கிரீனில் எப்போதும் தேங்கி நிற்க வேண்டிய மை, கத்தியிலும் கிண்ணத்திலும் ஒட்டுவது எல்லாம் சேர்த்து 400 மி.லி. கலந்து வைத்தால் நடுவில் நிற்காது. நடுவே தீர்ந்து மறுபடி கலக்கும் காவி மஞ்சள் முதல் காவி மஞ்சளாக இருக்காது.

இழுக்கும்போது

வலைக்கும் காகிதத்துக்கும் 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஸ்க்வீஜி போகும் கோட்டில் மட்டும் வலை காகிதத்தைத் தொட்டு, கடந்தவுடன் விட்டு எழ வேண்டும். எழாமல் ஒட்டிக்கொண்டால் மைப்பரப்பில் திட்டுத்திட்டான தடம் விழும். வலை தளர்ந்திருந்தாலோ இடைவெளி குறைந்திருந்தாலோ இது நடக்கும். இடைவெளியை அளவுக்கு மீறி வைத்தால் வலை நீண்டு படம் பெரிதாகும், அடுத்த நிறம் பொருந்தாது. ஸ்க்வீஜி ரப்பர் 70 முதல் 75 ஷோர் கடினம், முனை கூர்மை. படத்தைவிட இருபுறமும் இரண்டு மூன்று செ.மீ. அகலம். ஃபிரேமின் உட்புறத்துக்கும் படத்துக்கும் நடுவே பத்து செ.மீ. விட்டால் வலை எளிதாக வளைந்து கொடுக்கும்.

ஒவ்வொரு அச்சுக்குப் பின்னும் ஸ்கிரீனைத் தூக்கிப் பிடித்து, அழுத்தாமல் மையைப் பரப்பி, திறந்த இடங்களை ஈரமாக மூடி வைக்க வேண்டும். இதை மறந்தால் முதலில் போவது மீசைதான். மெல்லிய கோட்டில் இருப்பது மிகச் சொற்ப மை. ஓரிரு நிமிடத்தில் காய்ந்து அடைக்கும். காய்ந்த பிறகு அழுத்தி இழுப்பது பயனில்லாதது, கோட்டின் ஓரங்களில் மை பிதுங்குவதோடு சரி. வீண் காகிதம் வைத்து, நீரை மெல்லிய தூறலாகத் தெளித்து, இரண்டு மூன்று முறை இழுத்தால் திறக்கும். மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்கலாம், ஆனால் சில சதவீதத்துக்கு மேல் போனால் காயாமல் பிசுபிசுத்து, அடுக்கி வைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அறையின் வெக்கையைக் குறைப்பதும், மின்விசிறியை ஸ்கிரீன் பக்கம் திருப்பாமல் உலர்த்தும் தட்டின் பக்கம் திருப்புவதும் ரிடார்டரைவிடப் பலன் தரும்.

வானத்துக்கு இரண்டு நிறம் ஒன்றில் ஒன்று கரையும் கலவை அச்சு அழகு சேர்க்கும். அறுவடை நிலவு என்பது இலையுதிர் சமநாளுக்கு, அதாவது செப்டம்பர் 22, 23 வாக்கில், மிக அருகில் வரும் முழு நிலவு. அந்த நாட்களில் அடுத்தடுத்த மாலைகளில் சந்திரோதயம் வழக்கத்தைவிடக் குறைந்த தாமதத்தோடு, அந்தி ஒளி அடங்கும் முன்பே நிகழும். உழவர்கள் இருட்டிய பிறகும் அறுக்க அது உதவியது. ஆகவே இந்தப் படத்தின் வானம் நள்ளிரவுக் கறுப்பாக இருக்கக்கூடாது. அடியில் வெளிர் செம்மஞ்சள், மேலே சாம்பல் நீலம். ஸ்கிரீனின் ஓரத்தில் இரண்டையும் பக்கம் பக்கமாக ஊற்றி ஒரே ஸ்க்வீஜியால் இழுத்தால் முதல் நாலைந்து இழுப்பில் எல்லை கரையத் தொடங்கும். அடுத்த பத்துப் பதினைந்து தாள் அருமையாக வரும். அதன்பின் நடுப்பட்டை அகன்று சேறு போலாகும். மையை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இரண்டு நிறங்களுக்கும் ஒரே பேஸ், ஒரே கெட்டித்தன்மை இருக்க வேண்டும், இல்லையென்றால் இளகியது கெட்டியானதற்குள் ஓடும். ஸ்க்வீஜி பக்கவாட்டில் ஒதுங்காமல் ஒவ்வொரு முறையும் ஒரே தடத்தில் போகவேண்டும்.

மூன்று முயல், மூன்று காது

அறுவடையோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், முயல் படம் அச்சிடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் வடிவம் ஒன்று உண்டு. வட்டமாக ஒன்றையொன்று துரத்தும் மூன்று முயல்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது தெரியும், எண்ணினால் மொத்தம் மூன்றே காது. சீனாவின் துன்ஹுவாங் மோகாவோ குகைகளில் 407ஆம் எண் குகையின் விதானத்தில், சுயி அரச காலத்து (581–618) ஓவியமாக இது இருக்கிறது. ஜெர்மனியின் பாடர்போர்ன் பேராலயத்தில் 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சாளரக் கல்லில் இருக்கிறது. இங்கிலாந்தின் டெவனில் பதினைந்துக்கும் மேற்பட்ட பழைய தேவாலயங்களின் கூரை மரக்குமிழ்களில் இருக்கிறது. டார்ட்மூரின் வைடகோம்ப் தேவாலயத்தில் இருப்பது பலரும் அறிந்தது. டெவனில் அதைத் தகரச் சுரங்கத்தாரின் சின்னம் என்று சொல்வது பிற்கால வழக்கு. கருவளம், மும்மை, நிலவு என்று இன்று ஏற்றப்படும் பொருள் எதற்கும் அந்தக் காலத்து எழுத்தில் சான்று கிடைக்கவில்லை.

ஸ்கிரீன் அச்சுக்கு இது தரும் வாய்ப்பு அபாரமானது. ஒரு முயலை இரண்டு காதோடு வரைந்து, 120 டிகிரி திருப்பி மூன்று ஃபிலிம் எடுத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஊடுருவும் நிறத்தில் அச்சிட்டால், காது ஒவ்வொன்றின் மேலும் இரண்டு நிறம் விழும். மஞ்சள் காவி, செங்கல் சிவப்பு, நீலச் சாம்பல் என்று எடுத்தால் காதுகள் ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று தாமாகவே கலந்து வரும். ஒரு காது இரண்டு முயலுக்கும் சொந்தம் என்ற புதிரை மையே சொல்லிவிடும். கல்லிலும் மரத்திலும் செதுக்கியவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால் இங்கே பொருத்தத்தில் 0.3 மி.மீ. பிசகினாலும் காதோரம் இரட்டை விளிம்பு தெரியும். மேலேற்றி மறைக்கவும் வழியில்லை. ஆகவே முதலில் சிறிய அளவில், காய்ந்து நிலைத்த கனமான காகிதத்தில், மூன்று நிறத்தையும் ஒரே நாளில் முடிப்பது நலம். ஒரு ராத்திரி ஈரம் ஏறிய தாள் மறுநாள் அதே தாள் அல்ல.

படத்தோடு வைக்கும் குறிப்பு

கையால் செய்த அச்சோடு நாலு வரி விளக்கம் வைப்பது வழக்கம். அதில்தான் பிழைகள் அதிகம் நுழைகின்றன. முயல், வசந்தத் தெய்வமான ஈயோஸ்டரின் புனித விலங்கு என்பது மிகப் பரவலாகத் திரும்பத் திரும்ப எழுதப்படும் வரி. அந்தத் தெய்வத்தின் பெயர் நமக்குத் தெரிவதே 725ஆம் ஆண்டில் பீட் என்ற துறவி காலக்கணக்கு பற்றி எழுதிய நூலால்தான். அதில் முயல் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முயலை அதோடு முடிச்சுப் போட்டது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்களின் ஊகம். பழைய சான்று வேண்டுமென்றால் உண்மையிலேயே இருக்கிறது. பிரிட்டன்வாசிகள் முயல், கோழி, பெருவாத்து மூன்றையும் உண்பது தகாது என்று கருதி, விருப்பத்துக்காக வளர்ப்பதாக ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். ரோமானியர்களை எதிர்த்த பூடிக்கா அரசி, போருக்கு முன் தன் ஆடை மடிப்பிலிருந்து ஒரு முயலை ஓடவிட்டுக் குறி பார்த்ததாக காசியஸ் டியோ எழுதுகிறார். இரண்டும் வெளியார் எழுதியவை என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

தானியத்தின் ஆவி கடைசிக் கொத்தில் ஒடுங்கி விலங்குருவம் கொள்கிறது என்பது ஜெர்மானியரான வில்ஹெல்ம் மான்ஹார்ட் முன்வைத்து, ஜேம்ஸ் ஃப்ரேஸர் பரப்பிய விளக்கம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. அறுப்பு முடிந்த களிப்பில் ஆடிய ஆட்டம் என்றே அவர்கள் பார்க்கிறார்கள். 'தொன்மையான தானிய ஆவி' என்று அச்சின் பின்னட்டையில் உறுதியாக எழுதுவதைவிட, காலோவேயில் கடைசிப் பிடியை எப்படிப் பின்னினார்கள், எங்கே நின்று அரிவாள் வீசினார்கள், எங்கே வைத்தார்கள் என்று எழுதுவது நேர்மை. படமும் அதனால் கூடுதல் வலுப்பெறும்.

எண்ணும் கையெழுத்தும் பென்சிலில்: இடப்பக்கம் 12/50 போல வரிசை எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. வரிசை எண்ணில் சேராமல் கலைஞர் தமக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள் பொதுவாகப் பதிப்பின் பத்தில் ஒரு பங்கு; அவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஐம்பது என்று சொல்லிவிட்டால் ஐம்பதுதான்.

கடைசித் தாள் இழுத்த கையோடு மையை வழித்து, காயும் முன் குளிர்ந்த நீரில் இருபுறமும் கழுவ வேண்டும். பிறகு எமல்ஷன் நீக்கும் திரவத்தைத் தடவி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அழுத்த நீரால் அடிக்க வேண்டும். அந்தத் திரவம் வலையில் காய்ந்துவிட்டால் எமல்ஷன் இறுகிப்போய் ஒரு போதும் வராது. இதற்குப் பிறகும் பழுப்பு மை பட்ட இடத்தில் முயலின் சாயல் வலையில் மங்கலாக நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணிகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்திருந்தால் அது வெறும் கறை, அடுத்த படத்தில் இறங்காது. அடைந்திருந்தால் கறை நீக்கியால் மறுபடி தேய்த்து, பசை போக்கி, அதன் பிறகே புது எமல்ஷன் பூச வேண்டும்.